பத்தாவது கிணறு வரைக்கும்

குப்பியாருக்குக் காபி என்றால் உயிர். அந்த மனிதர் ஐந்து வாரமாகக் காபியைத் தொடவில்லை என்றால் விஷயம் சாதாரணமானது இல்லை.

ஊர்க் குடிநீர் ஆய்வகத்துக்குத் தண்ணீர் எடுத்துவருவது அவர் வேலை. காலையில் வண்டியை எடுத்தால் நீரேற்று நிலையம், மேல்நிலைத் தொட்டி, பள்ளிக்கூடக் குழாய், பேருந்து நிலையக் குழாய் என்று பத்து இடம். ஒவ்வொரு இடத்திலும் குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, குப்பியில் பிடித்து மூடி, இடத்தின் பெயரை எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, பத்தாவது இடமான கிணற்றில் சுற்றை முடிப்பார். அதற்குப் பத்தாவது கிணறு என்றே பெயர். இருபத்தேழு வருடத்தில் ஒரு குப்பி மாறியதில்லை, ஒரு குப்பி உடைந்ததில்லை. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் குப்பியார்தான். அந்தப் பெயரில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. வண்டியைக் கண்டதும் பள்ளிக்கூடக் காவலாளி வாயிற்கதவைத் திறந்துவிடுவார். பேருந்து நிலையத்துப் பழக்கடைக்காரி ஒரு வாழைப்பழத்தை நீட்டுவாள். இதைவிட நல்ல உத்தியோகம் உலகத்தில் இருந்தால் அதைக் கொண்டுவந்து காட்டட்டும் என்று அவர் நினைத்திருந்தார்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஆய்வகத்துக்குப் புது மெஷின் வந்தது. குடிநீரில் மருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்கிற மெஷின். நாம் மாத்திரை விழுங்கினால் உடம்பு கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடுகிறது. அது சாக்கடைக்குப் போய், சாக்கடையிலிருந்து ஆற்றுக்கும் நிலத்துக்கும் போய், ஒரு நாள் நம் வீட்டுக் குழாய்க்கே திரும்பி வரலாம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நானோகிராம். அந்த நானோகிராம் கணக்கில் மெஷின் மோப்பம் பிடிக்கும். அதனால் தண்ணீர் எடுப்பவருக்கு ஆய்வாளரம்மா ஒரு பட்டியல் கொடுத்தார். சுற்றுக்கு முன் சிகரெட் கூடாது, சென்ட் கூடாது, கையில் களிம்பு படக் கூடாது, ஒவ்வொரு இடத்துக்கும் புதுக் கையுறை, காபி கூடவே கூடாது. காபியில் இருக்கிற சரக்கையும் மெஷின் கண்டுபிடித்து எழுதிவிடுமாம்.

"மருந்துச் சுற்று வாரத்துல ஒரு நாள்தான் அண்ணே. அன்னைக்கு மட்டும் காபியை விட்டா போதும்" என்றார் ஆய்வாளரம்மா.

"அரைகுறையா எதுக்கு மேடம்? மொத்தமா விட்டுடறேன்" என்றார் குப்பியார். வீறாப்பாகச் சொல்லிவிட்டு மறுநாள் காலையிலிருந்து தலைவலியோடு அலைந்தார்.

பட்டியலில் ஒரே ஒரு இடத்தில் அவருக்கு உறுத்தல் இருந்தது. களிம்பு. இருபத்திரண்டு கிலோ ஐஸ் பெட்டியை இருபத்தேழு வருடம் தூக்கிய வலது தோள் எட்டு மாதமாக மக்கர் செய்துகொண்டிருந்தது. ஆபீசில் மூச்சு விடவில்லை. முதுகு பிடித்துக்கொண்ட பழைய டிரைவர் ஒருவரை ஆவண அறையில் உட்கார வைத்தார்கள். மூன்றே மாதத்தில் மனுஷன் அங்கிருந்த காகிதங்களைப் போலவே மஞ்சளாகிப்போனார். தோள் விஷயம் தெரிந்தால் தனக்கும் அந்த நாற்காலிதான் என்று குப்பியாருக்குத் தெரியும்.

ஆனால் பட்டியலை அவர் மீறவில்லை. களிம்பு தேய்ப்பது அவர் மனைவி. அவர் கை அதைத் தொடுவதே இல்லை.

இந்த மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குப்பியாருக்கு ஐம்பத்தோரு வயதில்தான் கல்யாணம் நடந்தது. அதற்கு முன் பெண் அமையவில்லை, பிறகு அவரே தேடுவதை விட்டுவிட்டார். துணிக்கடையில் விரித்துக் காட்டிய துணிகளைத் திரும்ப மடித்து அடுக்கும் வேலையில் இருந்தவள் அவள், நாற்பத்தாறு வயது. சட்டை வாங்கப் போனவர் நான்கு சட்டை வாங்கினார், அடுத்த வாரம் இன்னும் நான்கு. "இவ்வளவு சட்டை போட உங்களுக்கு உடம்பு ஒண்ணுதானே இருக்கு?" என்று அவள் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தார். மூன்று வருடம் ஆகிறது. காலையில் அவள் தோளில் களிம்பு தேய்க்கிற அந்தப் பத்து நிமிடத்துக்காகவே தோள் குணமாகாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று அவருக்குச் சில நாள் தோன்றும்.

அவர் விரல்கள் தடித்தவை. பெட்டியிலிருந்து ஒரு கையுறையை உருவப் போனால் ஐந்து சேர்ந்து வரும். அவர் அலுத்துக்கொண்டதைக் கேட்டவள், "மடிக்கிற வேலையை என்கிட்ட குடுங்க. அது என் தொழில்" என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் பத்து ஜோடி மடித்து, ஒவ்வொரு ஜோடியையும் ஒரு காகித உறையில் போட்டு, பிஸ்கட் டப்பாவில் அடுக்கித் தருவாள்.

முதல் மருந்துச் சுற்றின் முடிவு வந்தது. ஆய்வாளரம்மா தாளை மேசையில் விரித்தார். வலி நிவாரணி ஒன்று தெரிந்தது. முதல் இடத்தில் லிட்டருக்கு நான்கு நானோகிராம், இரண்டாவதில் ஒன்பது. அப்படியே படி ஏறுவது போல ஏறி, பத்தாவது கிணற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு.

"இதைக் குடிச்சா என்ன ஆகும் மேடம்?"

"உடனே ஒண்ணும் ஆகாது. தினமும் ரெண்டு லிட்டர்னு எழுபது வருஷம் குடிச்சாலும் ஒரு முழு மாத்திரை அளவு உள்ள போகாது."

"அப்புறம் எதுக்கு மேலேர்ந்து இத்தனை போன்?"

"இது ஒரு மருந்துண்ணே. ஊர்ல முழுங்குறது நூறு விதம். நூறும் துளித்துளியா சேர்ந்து, வருஷக் கணக்கா, வயித்துல இருக்கிற குழந்தைக்குப் போனா என்ன ஆகும்னு யாரும் இன்னும் முழுசா சொல்லல. ஆன்டிபயாட்டிக் கலந்தா அது தனித் தொல்லை. கிருமி அதைத் தொட்டுத் தொட்டுப் பழகிடும். நாளைக்கு நாம காய்ச்சல்னு மாத்திரை போட்டா அது நம்மளைப் பாத்துச் சிரிக்கும். அதான் இப்பவே பாக்கறோம்."

பத்தாவது கிணறு முதியோர் இல்லத்துப் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. இல்லத்தில் முப்பத்தொரு பேர், அறுபத்திரண்டு முட்டி. அந்த மருந்து கலந்த களிம்புக்குக் கேட்கவா வேண்டும்? பெரிய அதிகாரி தீர்ப்பே எழுதிவிட்டார். அடுத்த சுற்றிலும் இதே கணக்கு வந்தால் கிணற்றை மூடுவது, இல்லத்துச் சாக்கடையைத் தோண்டுவது, தோண்டி முடிக்கும்வரை இல்லத்தைக் காலி செய்வது. அந்த முப்பத்தொரு பேரும் எங்கே போவார்கள் என்று அந்த உத்தரவில் ஒரு வரி இல்லை.

அடுத்த வாரம் இரண்டாவது சுற்று. நீரேற்று நிலையத்து வழியைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள், மதியத்துக்கு மேல்தான் வண்டி போகும் என்றார்கள். சரி என்று குப்பியார் சுற்றைத் தலைகீழாகப் போட்டார். பத்தாவது கிணற்றில் தொடங்கி முதல் இடத்தில் முடித்தார்.

கிணற்றடியில் இல்லத்து நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். வழக்கமாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர் அன்றைக்கு முகம் வெளிறி இருந்தார்.

"நல்லா பாத்து எடுங்க" என்றார். "எங்க ஆளுங்க ரெண்டு நாளா சாப்பாடு சரியா இறங்காம உக்காந்திருக்காங்க. கொஞ்சம் நல்லா பாத்து எடுங்க, என்ன?"

"இருபத்தேழு வருஷமா நல்லா பாத்துத்தான் சிஸ்டர் எடுக்கறேன்" என்றார் குப்பியார். சொன்னபோது அது அவருக்கு உண்மையாகவே இருந்தது.

முடிவு வந்ததும் ஆய்வாளரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்தாவது கிணற்றில் ஐந்து. நீரேற்று நிலையத்தில் இருநூற்று முப்பது. படி அப்படியே இருந்தது, மறுபக்கத்திலிருந்து ஏறியது.

"ஒரே வாரத்துல தண்ணி திரும்பி ஓடாதுண்ணே. சுத்தத் தண்ணிக் குப்பியும் ரெண்டு தடவையும் சரியா இருக்கு." சுற்றில் கூடவே ஒரு குப்பி சுத்தத் தண்ணீர் போகும். சுற்று தொடங்குகிற இடத்தில் திறந்து, வேறு குப்பிக்கு மாற்றி மூடுவார்கள். அதில் மருந்து தெரிந்தால் எடுத்தவர் மேல் தப்பு. இரண்டு முறையும் அது தேறிவிட்டது. ஆய்வாளரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "லேபிள் மாறிடுச்சாண்ணே? சுற்று தலைகீழா போச்சே, பழக்கத்துல பழைய வரிசையிலயே பேரை எழுதிட்டீங்களா? அப்படின்னா சொல்லுங்க, பரவாயில்ல. யாருக்கும் நடக்கிறதுதான். அப்போ ரெண்டு சுற்றும் ஒத்துப்போகும், நான் ரிப்போர்ட்டை அனுப்பிடுவேன்."

லேபிளா? அவரா? குப்பியாருக்குச் சுருக்கென்றது. "நாளைக்குச் சொல்றேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை வழக்கம்போல நாற்காலியில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி தோளில் களிம்பு தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையைச் சொன்னாள். கையைத் துண்டில் துடைத்தாள். துடைத்த கையோடு கையுறைகளை எடுத்தாள். ஒரு ஜோடியை நீவி, மடித்து, உறையில் போட்டு டப்பாவின் அடியில் வைத்தாள். அதன்மேல் அடுத்தது. அதன்மேல் அடுத்தது.

குப்பியார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதலில் மடித்தது அடியில் போகிறது, அதில்தான் களிம்பு அதிகம். மடிக்க மடிக்க அவள் கையில் களிம்பு குறைகிறது. கடைசியில் மடித்தது மேலே இருக்கிறது. அவர் மேலேயிருந்து எடுக்கிறார். தொடங்குகிற இடத்துக்குக் கிட்டத்தட்டச் சுத்தமான கையுறை, கடைசி இடத்துக்குக் களிம்புக் கையுறை. சுற்றை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் படி அவர் பின்னாலேயே ஏறி வரும். சுத்தத் தண்ணீர்க் குப்பி தொடங்கிய இடத்தில் திறந்ததால் தப்பித்துவிட்டது. மருந்து கிணற்றில் இல்லை. அவர் போட்டுக்கொண்ட கையுறையில் இருந்தது.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. பூனைக்கு எத்தனை குட்டின்னு யோசிச்சேன்."

"இப்பதானே சொன்னேன், நாலு."

டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழி நெடுக ஒரே யோசனை. லேபிள் மாறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆய்வாளரம்மாவே எடுத்துக் கொடுத்த வார்த்தை. சின்னத் திட்டு விழும், சுற்று கையில் இருக்கும், பழக்கடைக்காரியின் வாழைப்பழம் இருக்கும், தோளை யாரும் பார்க்க மாட்டார்கள். களிம்பு என்று சொன்னால் தோள் வெளியே வரும், நாற்காலி வரும். நாளையிலிருந்து கையுறையைத் தானே எடுத்துக்கொண்டால் அடுத்த சுற்றிலிருந்து எல்லாம் தானாகச் சரியாகிவிடாதா? சரியாகிவிடும்தான். அதற்குள் இல்லத்துச் சாக்கடையைத் தோண்டியிருப்பார்கள். இப்படி நினைக்கிற தன்னைப் பார்த்து அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டேதான் நினைத்தார்.

ஆய்வக வராந்தாவில் பெரிய சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை நிறையக் களிம்பு ட்யூப்.

"ரெண்டு நாளாச்சு, அவங்ககிட்டேர்ந்து எல்லாத்தையும் வாங்கி வச்சுட்டேன்" என்றார். "வலிச்சா பொறுத்துக்கறோம், எங்களை அனுப்பிடாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க. யார்கிட்ட சொல்லணும்னு தெரியல. அதான் இங்க உக்காந்துட்டேன்."

குப்பியார் அந்தப் பையைப் பார்த்தார். தோளுக்குக் களிம்பு இல்லாத ஒரு காலை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இல்லத்தில் முப்பத்தொரு பேர் இரண்டு நாளாக அதைப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள், அவர் எடுத்த தண்ணீரால்.

"அதை எடுத்துட்டுப் போய் அவங்களுக்கு நல்லா தேச்சு விடுங்க சிஸ்டர்" என்றார். "தப்பு அங்க இல்ல. நான் உள்ள போய்ச் சொல்லிட்டு வரேன்."

உள்ளே போய் டப்பாவை மேசைமேல் வைத்தார். எட்டு மாதத் தோளிலிருந்து இன்று காலை மடித்த உறைவரை ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். ஆய்வாளரம்மா டப்பாவைத் திறந்தார். பத்து ஜோடியையும் தனித்தனியாகச் சுத்தத் தண்ணீரில் அலசி மெஷினில் ஏற்றினார். மதியம் திரை முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். மேல் உறையிலிருந்து அடி உறைவரை படி அழகாக ஏறியது.

"இருபத்தேழு வருஷத்துல முதல் குப்பி கெட்டுப்போச்சு" என்றார் குப்பியார்.

"இருபது குப்பிண்ணே" என்றார் ஆய்வாளரம்மா. அவருக்குக் கணக்கு என்றால் கணக்குதான். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "லேபிள்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். உங்களை எழுபது வயசு வரைக்கும் நம்பியிருப்பேன்." அவரே போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு நேரம் கேட்டார்.

டாக்டர் தோளைத் திருப்பிப் பார்த்துவிட்டு நான்கு மாதம் எதையும் தூக்கக் கூடாது என்றார். மறுநாளே குப்பியார் ஆவண அறை நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாவது சுற்றுக்கு ஆய்வாளரம்மாவே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சுத்தத் தண்ணீர்க் குப்பியை இனி தொடங்கும் இடத்தில் மட்டுமல்ல, முடிக்கும் இடத்திலும் திறப்பது என்று பட்டியலில் ஒரு வரி சேர்ந்தது.

எல்லாம் சரி. மனைவியிடம் எப்படிச் சொல்வது? உன் கையால்தான் இத்தனையும் என்று அவளைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை. டாக்டரிடம் போனதைக்கூடச் சொல்லவில்லை. ஆகவே அவர் கோழைகள் செய்கிற காரியத்தைச் செய்தார். தினமும் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தார், அவள் தேய்த்தாள், மடித்தாள், டப்பாவைக் கொடுத்தாள். அவர் ஆவண அறைக்குப் போய் மேசை இழுப்பறையில் உறைகளைக் கொட்டினார். நான்கு நாளில் நாற்பது ஜோடி. அவள் மடித்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லை.

ஐந்தாம் நாள் மூன்றாவது சுற்றின் முடிவு வந்தது. வலி மருந்து எங்கேயும் இல்லை. ஆனால் பத்தாவது கிணற்றில் வேறு ஒன்று ஏழு நானோகிராம் தெரிந்தது, பிரஷர் மாத்திரை. முதல் இரண்டு தாள்களிலும் அது ஒரு மூலையில் இருந்திருக்கிறது. களிம்பின் பெரிய எண்ணைப் பார்த்த கண்ணுக்கு அது படவில்லை. பெரிய சிஸ்டரைக் கேட்டார்கள். இறந்துபோனவர்களின் மிச்ச மாத்திரைகளை யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடக் கூடாதே என்று கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவோம் என்றார் அவர். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது. அன்றே அதை நிறுத்தினார்கள். மிச்ச மாத்திரையைத் திருப்பி வாங்க மருந்துக்கடையில் ஒரு பெட்டி வைக்க ஏற்பாடாயிற்று. கிணற்றை மூடவில்லை, அந்த எண்ணை வாராவாரம் தனியாகப் பார்ப்பது என்று முடிவானது. முப்பத்தொரு பேரும் அவரவர் கட்டிலில் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் குப்பியார் இழுப்பறையிலிருந்த நாற்பது ஜோடியையும், அன்றைய டப்பாவையும், முதல் சுற்றின் தாளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மேசைமேல் எல்லாவற்றையும் வைத்தார். நாற்காலியிலிருந்து கிணறுவரை சொன்னார்.

அவள் கேட்டுக்கொண்டே ஓர் உறையைப் பிரித்து மூடினாள். முகம் சுருங்கிவிட்டது.

"என் கையாலயா?"

"உன் கையால இல்ல. நான் தோளை மறைச்சதால."

"அந்த வயசானவங்க களிம்பு இல்லாம..."

"இப்போ தேச்சுக்கறாங்க."

"சுற்று போச்சா உங்களுக்கு?"

"நாலு மாசம். மேடம் எனக்காகத்தான் வச்சிருக்காங்களாம். திரும்பப் போகும்போது சக்கரம் வச்ச பெட்டி தருவாங்களாம்."

"எங்கிட்ட சொல்லாம அஞ்சு நாள் என்னை மடிக்க வச்சீங்களே, அதுக்கு என்ன தண்டனை?"

"நீ சொல்றதுதான்."

அவள் தாளை விளக்குக்கு நேரே பிடித்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பவள் போல ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்தாள். நீரேற்று நிலையம், நான்கு. மேல்நிலைத் தொட்டி, ஒன்பது. பள்ளிக்கூடம். பேருந்து நிலையம். விரல் கீழே கீழே வந்து கடைசி வரியில் நின்றது.

"நீங்க காலையில போனா சாயங்காலம் வரைக்கும் எங்க இருக்கீங்க, என்ன பண்றீங்கன்னு மூணு வருஷமா எனக்குத் தெரியாது" என்றாள். "துணியை மடிக்கும்போது நினைச்சுப்பேன், இப்போ எந்தக் குழாய்கிட்ட நிக்கிறாரோன்னு." தாளைத் தட்டினாள். "அப்போ பத்தாவது கிணறு வரைக்கும் நானும் உங்க கூடவேதான் வந்திருக்கேன்."

குப்பியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை. மறைத்துப் பட்டதே போதும்.

மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்தபோது அவள் களிம்பைத் தாராளமாகவே எடுத்தாள். ஆவண அறைக் காகிதங்களுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியாது. தேய்த்து முடித்துக் கையை சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். பிறகு அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தாள்.

"நாலு மாசத்துக்கு யாரும் உங்களை மோந்து பாக்க மாட்டாங்கல்ல? குடிங்க" என்றாள்.

குப்பியார் குடித்தார்.